காஸாலேருந்து ஒகினாவா வரைக்கும் ஒரே பொட்டி: வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோ ஆசியா மண்டலம், ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மார்ச்ல வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோங்கிற பத்திரிகைப் படப் போட்டியோட ரிசல்ட் வந்தப்போ எங்க ஃபோட்டோ க்ரூப்ல யாரும் வேற எதையும் பேசல. ஆசியா மண்டலம், லாங் டெர்ம் ப்ராஜெக்ட் பிரிவு, ஜெயிச்சது புதுச்சேரில இருக்குற செந்தில் குமரன். புலிக்கும் மனுஷனுக்கும் நடக்குற மோதல் பத்தி 2012லேருந்து அவர் எடுத்துக்கிட்டு வந்த வேலை. எல்லாரும் ஃபயர் விட்டாங்க, கை தட்டுற ஸ்டிக்கர் போட்டாங்க, ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு. ஆனா எனக்கு ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு, பழைய முறைலயே போட்டி நடந்திருந்தா இந்த வேலை ஜெயிச்சிருக்குமா? அதை நோண்ட ஆரம்பிச்சதுதான் இந்த நீளமான பதிவு. போட்டி விதி, நாலு வருஷ ரிசல்ட், யாரு ஜெயிச்சா, எங்க எடுத்த படம், எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தேன்.

முதல்ல பழைய கதை. வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோ 1955ல நெதர்லாந்துல ஆரம்பிச்சது, ஆம்ஸ்டர்டாம்தான் தலைமையிடம். 2021 வரைக்கும் மொத்த உலகத்துக்கும் ஒரே போட்டி. ஸ்பாட் நியூஸ், ஸ்போர்ட்ஸ், நேச்சர், போர்ட்ரெய்ட்னு தலைப்பு வாரியா பிரிவு இருக்கும், எந்த நாட்டுப் படமா இருந்தாலும் ஒரே குவியல்ல போய் விழும். அதுல ஆசியாக்காரங்க ஜெயிக்கவே இல்லன்னு சொன்னா பொய். 1960ல டோக்கியோ மேடைல அரசியல் தலைவர் அசனுமாவ வாளால குத்தின படம் எடுத்த யசுஷி நகாவோ, வியட்நாம் போர்ல ரெண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்தோட சிறந்த படம் வாங்கின கியோயிச்சி சவாடா, ரெண்டு பேரும் ஜப்பான்காரங்க. 1984 போபால்ல புதைக்குற குழந்தை முகம், பாப்லோ பார்த்தலோமியோ. அப்புறம் நம்ம ஊர் சம்பந்தப்பட்டது ஒண்ணு, 2004 டிசம்பர் 28, சுனாமி வந்து ரெண்டு நாள் கழிச்சு கடலூர்ல ஒரு அம்மா மண்ணுல கவுந்து ரெண்டு கையையும் விரிச்சு அழுவாங்களே, ராய்ட்டர்ஸுக்காக ஆர்கோ தத்தா எடுத்தது, அது அந்த வருஷத்தோட சிறந்த படம்.

இந்த லிஸ்ட்ட திரும்ப ஒரு தடவை படிங்க. கொலை, போர், விஷவாயு, சுனாமி. அதாவது ஆசியால எதாவது பெருசா வெடிச்சா, இல்ல ஜனங்க கும்பலா செத்தா, அப்பதான் அந்தப் படம் மேல வந்துச்சு. அந்தப் படங்களைக் குறை சொல்லல, கடலூர் படத்தை இன்னிக்குப் பாத்தாலும் எனக்கு வயித்தைப் பிசையும். ஆனா நிதானமா, வருஷக்கணக்கா, எந்த பிரேக்கிங் நியூஸும் இல்லாம நடக்குற விஷயத்தை ஒரு ஆசிய ஃபோட்டோகிராஃபர் எடுத்தா அதுக்கு அந்தக் குவியல்ல இடம் கிடைக்குறது ரொம்ப கஷ்டம், ஏன்னா ஜட்ஜுங்களுக்கு அந்தப் பிரச்சனையே தெரியாது, தெரிஞ்சாலும் பத்து வினாடில புரியாது.

2021ல அமைப்பு முறையையே மாத்திட்டாங்க, 2022 போட்டிலேருந்து அமலுக்கு வந்துச்சு. உலகத்தை ஆறு மண்டலமா வெட்டினாங்க: ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா, வட மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியாவும் ஓசியானியாவும். தலைப்பு வாரிப் பிரிவெல்லாம் போச்சு, அதுக்குப் பதிலா சிங்கிள்ஸ் (ஒத்தப் படம்), ஸ்டோரீஸ் (படத் தொடர்), லாங் டெர்ம் ப்ராஜெக்ட் (வருஷக்கணக்கா எடுத்தது), ஓபன் ஃபார்மட் (வேற எந்த வடிவமும்)னு நாலு வடிவம். மண்டலத்துக்கு நாலு வின்னர், ஆறு மண்டலம், மொத்தம் 24. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி ஜூரி, அவங்க தேர்ந்தெடுத்ததுலேருந்து உலக ஜூரி நாலு பேரை எடுத்து உலக அளவு விருது தந்தாங்க. முதல் வருஷம் உலக ஜூரி தலைவரே ஆசியாக்காரர்தான், அஜர்பைஜானைச் சேர்ந்த ரெனா எஃபெண்டி.

வந்த படம் 64,823, அனுப்பினவங்க 4,066 பேர், 130 நாடு. ஜெயிச்ச 24ம் 23 நாட்டுலேருந்து. பரப்பி விடணும்ங்கிறதுதான் நோக்கம்னா, காகிதத்துல நடந்துருச்சு.

அந்த நாலு பேர்

2022 ஆசியா மண்டலத்துல ஜெயிச்ச நாலையும் பக்கத்துல பக்கத்துல வைக்குறேன், ஏன்னா மொத்தக் கதையும் இதுக்குள்ளதான் இருக்கு.

சிங்கிள்ஸ்ல ஃபாத்திமா ஷ்பைர், பாலஸ்தீனக்காரர், கெட்டி இமேஜஸுக்காக எடுத்தது. 2021 மே 25, பெய்ட் லாஹியால இடிஞ்சு கெடக்குற வீடுங்க நடுவுல பசங்க மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. இது பழைய முறைலயும் ஜெயிச்சிருக்கும்னு நினைக்கிறேன், செய்தியும் பெருசு, படமும் அப்படி.

ஸ்டோரீஸ்ல காபூல்ல இருந்த அரியானா சினிமா. 1963ல திறந்த தியேட்டர், 2021 ஆகஸ்ட்ல தாலிபன் வந்ததும் படம் ஓட்டக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, ஆனா ஸ்டாஃப் அப்பவும் தினமும் வேலைக்கு வந்தாங்க, என்னிக்காவது மறுபடி திறக்கும்னு. தியேட்டரோட பெண் டைரக்டரை மட்டும் உள்ளயே விடல. செமயான ஸ்டோரி. எடுத்தவர் பிராம் யான்சன், ஏபி செய்தி நிறுவனத்துக்காக எடுத்தது, நாடு நெதர்லாந்து.

லாங் டெர்ம்ல செந்தில் குமரன். ஓபன் ஃபார்மட்ல ஜப்பானோட கோசுகே ஒகஹாரா, ஒகினாவால கோஸாங்கிற ஊரைப் பத்தி, தனக்கு வர்ற கனவை வச்சு படங்களைக் கோத்து ஒரு குறும்படம் மாதிரி செஞ்சது.

இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குற ஒரு விதி இருக்கு. ஆசியா மண்டலம்னா ஆசிய ஃபோட்டோகிராஃபர்களுக்கானதுன்னு நம்ம க்ரூப்லயே பாதிப் பேர் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. கிடையாது. படம் எங்க எடுத்ததுங்கிறதுதான் கணக்கு, எடுத்தவரோட பாஸ்போர்ட் இல்ல. ஆம்ஸ்டர்டாம்லேருந்து ஃப்ளைட் புடிச்சு காபூல் போய் எடுத்தாலும் அது ஆசியா எண்ட்ரிதான். காரைக்குடிக்காரர் பாரிஸ் போய் எடுத்தா அது ஐரோப்பா எண்ட்ரி, அங்க இருக்குறவங்களோட மோதணும், அங்க போறதுக்கு அவருக்கு விசா கிடைச்சா.

நாலுல மூணு ஆசியாக்காரங்க, ஒண்ணு வெளி ஆள். இதைக் கெட்ட ரிசல்ட்னு சொல்ல முடியாது. வெளி ஆள் எடுக்கவே கூடாதுன்னும் நான் சொல்லல, யான்சன் அந்த தியேட்டர் ஸ்டாஃப்கூட பொறுமையா உக்காந்து எடுத்திருக்கார், அது படத்துலயே தெரியுது. ஆனா இது ஆளுக்கான மண்டலமா இடத்துக்கான மண்டலமாங்கிறத தெளிவா புரிஞ்சுக்கிட்டுப் பேசணும், ஏன்னா அடுத்த வருஷம் இந்த வித்தியாசம் பெருசா தெரிஞ்சுச்சு.

மேல் படி

2022ல 24லேருந்து உலக அளவுல நாலு பேரை எடுத்தாங்கல்ல, அதுல ஆசியா மண்டலத்துலேருந்து ஒருத்தர்கூட இல்ல. கனடாவோட ஆம்பர் பிராக்கென், பிரேசிலோட லாலோ டி அல்மெய்டா, ஈக்வடாரோட இசடோரா ரொமேரோ, தென்கிழக்கு ஆசியா ஓசியானியா மண்டலத்துலேருந்து மேத்யூ அபாட், அவர் ஆஸ்திரேலியாக்காரர், எடுத்ததும் ஆஸ்திரேலியாலதான். நாலுமே நல்ல வேலை, நாலுல மூணு பூர்வகுடி மக்களைப் பத்தினது, அந்த வருஷம் ஜூரி மனசு அந்தப் பக்கம் இருந்திருக்கு. சரி.

2023ல நாலுல ரெண்டு ஆசியா மண்டலம். ஆஹான்னு பாத்தா, ஒண்ணு டென்மார்க்கோட மேட்ஸ் நிசென் ஆப்கானிஸ்தான்ல எடுத்த ஸ்டோரி, இன்னொண்ணு ஆர்மீனியாவோட அனுஷ் பாபாஜன்யான் மத்திய ஆசியாவோட தண்ணிப் பிரச்சனை பத்தி வருஷக்கணக்கா எடுத்தது. ஆக மண்டலம் ஜெயிச்சுச்சு, அதுல பாதி டேனிஷ் பேர்ல. ஆப்கானிஸ்தான் ரெண்டு வருஷமும் ஸ்டோரீஸ் ஜெயிச்சது, ரெண்டு வருஷமும் எடுத்தது ஐரோப்பாக்காரர். ஆப்கான் ஃபோட்டோகிராஃபர்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, 2021 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் நிறைய பேர் நாட்டை விட்டே போயிட்டாங்க, இருக்குறவங்க கேமராவோட வெளிய வந்தா என்ன ஆகும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. அதுக்கும் ஒரு மாசம் முன்னாடி, ஜூலை 16, ஸ்பின் போல்டக்ல டேனிஷ் சித்திக்கி செத்துப் போனார், ராய்ட்டர்ஸோட இந்திய ஃபோட்டோகிராஃபர், ஏற்கனவே புலிட்சர் வாங்கினவர், செத்ததுக்கு அப்புறம் 2022ல கோவிட் படங்களுக்காக இன்னொண்ணு. அதே புலிட்சர்ல பங்கு வாங்கின காஷ்மீரி ஃபோட்டோகிராஃபர் சன்னா இர்ஷாத் மட்டூ, பரிசு வாங்க அமெரிக்கா கிளம்பினப்போ விசா டிக்கெட் எல்லாம் கையில வச்சுக்கிட்டு டெல்லி ஏர்போர்ட்ல தடுத்துட்டாங்க. அது வேற விருது, இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.

2024ல நிலைமை தலைகீழ். வருஷத்தோட சிறந்த படம் காஸாவோட முகமது சலேம், ராய்ட்டர்ஸ். 2023 அக்டோபர் 17, கான் யூனிஸ் நாசர் ஆஸ்பத்திரில, வெள்ளைத் துணில சுத்தின கூடப்பொறந்தவரோட அஞ்சு வயசு மகளை மடில போட்டுக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்குற பெண். 2025ல சமர் அபு எலூஃப், ரெண்டு கையும் போன ஒன்பது வயசுப் பையன் ஜன்னல் வெளிச்சத்துல. அந்தப் படம் காஸால எடுத்ததுகூட இல்ல, கத்தார்ல தோஹால எடுத்தது. 2023 டிசம்பர்ல காஸாலேருந்து வெளிய வந்த சமர், அந்தப் பையன் குடும்பம் இருந்த அதே அபார்ட்மெண்ட் வளாகத்துலதான் குடியிருந்தார்.

ரெண்டு வருஷம் தொடர்ந்து காஸா ஃபோட்டோகிராஃபர் முதல் பரிசு வாங்கினது மண்டல முறையாலயான்னு யோசிச்சுப் பாத்தேன். ஓரளவுக்கு இருக்கலாம், ஆனா அதைவிட நேரடியான காரணம், 2023 அக்டோபருக்கு அப்புறம் வெளிநாட்டு பத்திரிகைக்காரங்களை சுதந்திரமா உள்ள போக இஸ்ரேல் விடல. போட்டி போட வெளி ஆளே இல்ல. உள்ளூர் ஆள் ஜெயிக்குறதுக்கு உலகமே கதவை மூட வேண்டியிருந்துச்சுன்னா அதை மண்டல முறையோட வெற்றின்னு எழுதுறதுக்கு எனக்கு கை வரல.

பொட்டி சைஸ்

அடுத்த சிக்கல் கணக்கு. ஆசியால உலக ஜனத்தொகைல பாதிக்கு மேல இருக்கு. 2022 முறைல அதுக்கு நாலு பரிசு, தென்கிழக்கையும் சேத்தா எட்டு, அந்த எட்டுலயும் ஆஸ்திரேலியா நியூசிலாந்துக்குப் பங்கு உண்டு. தென் அமெரிக்காவுக்கும் அதே நாலு. சிங்கிள்ஸ் பிரிவுல காஸா, காஷ்மீர், காபூல், டோக்கியோ, உலான்பாட்டர் எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒரு வின்னர். ஜூரி என்ன பண்ணும்? குண்டு விழுற இடத்துப் படத்தை ஓரமா வச்சுட்டு வேற ஊர் தறிக்காரர் படத்தைத் தூக்க முடியுமா? மனசு கேக்காது. அதனால சிங்கிள்ஸ்ல மறுபடி பழைய கதைதான், பெருசா வெடிச்சதுதான் மேல வரும். லாங் டெர்ம் பிரிவுலதான் காத்து வருது. குறைஞ்சது மூணு வெவ்வேற வருஷத்துல எடுத்திருக்கணும், 24லேருந்து 30 படம் வைக்கணும்னு விதி இருந்ததால, நேத்து நடந்த செய்தி அங்க நுழையவே முடியாது.

செந்தில் குமரன் வேலை அங்க ஜெயிச்சது தற்செயல் இல்லன்னு நான் நம்புறேன். 2006ல இந்தியால புலி 1,411னு கணக்கு சொன்னாங்க, 2018ல 2,967. புலி கூடுது, காடு கூடல, காட்டு ஓரத்துல இருக்குற ஜனங்க மாட்டிக்குறாங்க. இது சந்தோஷச் செய்தியும் சோகச் செய்தியும் ஒண்ணா இருக்குற விஷயம், ஒத்தப் படத்துல சொல்ல முடியாது. பழைய முறைல இது நேச்சர் பிரிவுக்குப் போயிருக்கலாம், அங்க பனிக்கரடியோடயும் பெங்குவினோடயும் நின்னிருக்கும். ஆசிய மண்டல ஜூரி முன்னாடி வந்தப்போ இது மனுஷங்க கதையாவும் தெரிஞ்சிருக்கு. என் முதல் கேள்விக்கு என்னோட பதில் இதுதான்: பழைய முறைல இது ஜெயிச்சிருக்காது, இல்ல வேற ஒண்ணா ஜெயிச்சிருக்கும்.

2025 போட்டிக்கு மறுபடி வரைபடத்தை மாத்திட்டாங்க. ஆசியாங்கிற பேர்ல தனி மண்டலமே இப்ப இல்ல. மேற்கு மத்திய தெற்கு ஆசியா ஒண்ணு, ஆசிய பசிஃபிக்கும் ஓசியானியாவும் இன்னொண்ணு. ஓபன் ஃபார்மட்டைத் தூக்கிட்டாங்க, சிங்கிள்ஸ்ல மூணு, ஸ்டோரீஸ்ல மூணு, லாங் டெர்ம்ல ஒண்ணு, மண்டலத்துக்கு ஏழு, மொத்தம் 42. பரிசு எண்ணிக்கை கூடினது உண்மையிலேயே நல்லது, மூணு சிங்கிள்ஸ் இருந்தா ஒண்ணு போருக்குப் போனாலும் ரெண்டு மிச்சம் இருக்கு. ஆனா லாங் டெர்ம்ல ஒண்ணே ஒண்ணு, அதுலயும் தமிழ்நாடும் இலங்கையும் இப்ப காஸா, சிரியா, ஏமன், ஆப்கானிஸ்தானோட ஒரே வரிசைல. காத்து வந்த ஒரே ஜன்னலைக் கொஞ்சம் சாத்தின மாதிரி எனக்குப் படுது.

பள்ளிக்கூடம் இருந்தா வேற

இதைச் சொல்லாம விட்டா ஆய்வு அரைகுறையாயிடும். ஆசியாலேருந்து தொடர்ந்து ஆள் வர்ற இடம் எதுன்னு பாத்தா பங்களாதேஷ். அங்க ஃபோட்டோகிராஃபர் ஷாஹிதுல் ஆலம் 1989ல த்ரிக்ங்கிற ஃபோட்டோ ஏஜென்சி ஆரம்பிச்சார், 1998ல வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோ நடத்தின பயிற்சியோட சேந்து ஒரு ஃபோட்டோகிராஃபி பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, பேரே பாடசாலாதான். 2000லேருந்து டாக்காவுல சோபி மேளாங்கிற ஃபோட்டோ திருவிழா. 2003ல வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோ ஜூரிக்கே ஷாஹிதுல் ஆலம் தலைவர். 2013ல டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கிற துணி ஃபேக்டரிக் கட்டடம் இடிஞ்சு விழுந்தப்போ இடிபாட்டுக்குள்ள கட்டிப்புடிச்சபடி செத்துக் கெடந்த ரெண்டு பேர் படம் எடுத்த தஸ்லிமா அக்தர் அந்தப் பாடசாலாவுல படிச்சவர்தான். போட்டி விதியை மாத்துறதுக்கு முன்னாடியே, பழைய குவியல் முறைலயே, அவங்க படங்க மேல வந்துச்சு, ஏன்னா எடிட் பண்றது, வரிசை கோக்குறது, கேப்ஷன் எழுதுறது எல்லாத்தையும் உக்காத்தி வச்சு சொல்லிக் குடுக்க ஆள் இருந்தாங்க.

கேப்ஷன்னு சொன்னதும் ஞாபகம் வருது. எண்ட்ரிக்கு ஃபீஸ் கிடையாது, அது பெரிய விஷயம், காசு வாங்கிக்கிட்டு எல்லாருக்கும் சர்டிஃபிகேட் தர்ற போட்டிங்க நடுவுல. ஆனா கேப்ஷன் இங்கிலீஷ்ல வேணும், யாரு என்ன எங்க எப்ப ஏன்னு முழுசா. என் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஒரு வருஷம் அனுப்புறேன்னு உக்காந்தார், படம் தேர்வு பண்ண ஒரு ராத்திரி, கேப்ஷனுக்கு நாலு ராத்திரி, கடைசில படத்துல இருக்குற பாட்டியோட ஊர் பேர் ஞாபகம் இல்ல, எழுதி வைக்கல. அனுப்பல. அனுப்பியிருந்தா ஜெயிச்சிருப்பாரான்னு கேக்காதீங்க, அவர் இதைப் படிப்பார்.

அதே மாதிரி ரா ஃபைல், அதாவது கேமரா பதியுற மூலக் கோப்பு. கடைசி சுற்றுக்கு வந்தா ஒரிஜினல் கேப்பாங்க, ரா இல்லன்னா கேமரால பதிஞ்ச ஜேபெக்கும் அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃப்ரேமும். 2015ல கடைசிக்கு முந்தின சுற்று வரைக்கும் வந்த படங்கள்ல 20 சதவீதம், எதையோ அழிச்சது சேத்ததுன்னு வெளிய போச்சு. கார்டு இடம் பத்தலன்னு ராவை அழிச்சுட்டு ஜேபெக் மட்டும் வச்சுக்குறது, அதுலயும் நல்ல ஃப்ரேமை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைத் தூக்குறதுன்னு நம்ம ஆட்கள்கிட்ட பழக்கம் இருக்கு, சிக்கனம்தான், இங்க அது வினை.

பேரு

கடைசியா ரெண்டு படம். 2022ல தென்கிழக்கு ஆசியா ஓசியானியா சிங்கிள்ஸ் ஜெயிச்ச படத்துல ஃபோட்டோகிராஃபர் பேர் அனானிமஸ். மியான்மர், யாங்கூன், 2021 மார்ச் 28, ராணுவ ஆட்சிக்கு எதிரா போராடுறவங்க கவுட்டையும் நாட்டு ஆயுதமும் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. பேர் போட்டா ஆள் காலி. சிங்கிள்ஸ்ல மண்டலத்துக்கே ஒத்த பரிசு, அதை வாங்கினவர் வெளிய சொல்லிக்க முடியாது, பயோடேட்டால ஒரு வரி சேக்க முடியாது, அடுத்த அசைன்மெண்ட்டுக்கு அதைக் காட்டிக் கேக்க முடியாது.

இன்னொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது. 1972 ஜூன் 8, வியட்நாம்ல டிராங் பாங், நாபாம் குண்டுத் தீ பட்டு ஓடி வர்ற சின்னப் பொண்ணு. ஏபியோட நிக் உட் பேர்ல 1973ல வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோவும் புலிட்சரும். 2025 ஜனவரில ஒரு டாக்குமெண்ட்ரி வந்து, எடுத்தது அவர் இல்ல, ஒரு வியட்நாம் ஸ்ட்ரிங்கர்னு சொல்லுச்சு. நிக் உட் மறுத்தார். ஏபி தனியா விசாரிச்சு, பேரை மாத்துற அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லன்னு சொல்லி அவர் பேரையே வச்சுக்கிச்சு. வேர்ல்ட் ப்ரெஸ் ஃபோட்டோ 2025 மே மாசம் எடுத்தவர் பேரை மட்டும் நிறுத்தி வச்சுருச்சு, அன்னிக்கு அங்க இருந்த வேற ரெண்டு வியட்நாம் ஃபோட்டோகிராஃபர் இன்னும் வாகான இடத்துல நின்னிருக்கலாம்னு சொல்லி. ரெண்டு தரப்பும் இடம், தூரம், எந்த கேமரான்னு அளந்து பாத்துதான் பேசுறாங்க, நான் நடுவுல பூந்து தீர்ப்பு சொல்ல ஆள் இல்ல.

ஆனா ஸ்ட்ரிங்கர்ங்கிற அந்த வார்த்தை மட்டும் உறுத்துது. ஒரு படத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு ரோலைக் குடுத்துட்டுப் போற ஆள், பேர் யாரு போடுறாங்கன்னு கேக்குற இடத்துல அவர் இருக்குறதே இல்ல. மேல சொன்னேன்ல அந்த ஃப்ரெண்ட், அவரோட வெள்ளப் படம் ஒண்ணு போன வருஷம் ஒரு பேப்பர்ல முதல் பக்கத்துல வந்துச்சு, கீழ பேர் இல்ல, ஃபோன் பண்ணிக் கேட்டதுக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம்னாங்க. ரா ஃபைல் மட்டும் பத்திரமா ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கார்.